ஒன்றேகால் லட்ச ரூபாய் இருட்டு

ஏலக்காயில் எது பச்சை, எது பச்சை மாதிரி என்று பார்த்துச் சொல்வதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. போடியில் காய் தரம் பிரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். அதனால் மதினி பெரிய டி.வி. ஒன்று வாங்கவேண்டும் என்று வாயைத் திறந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் கை காட்டினார்கள். அவனுக்குத்தான் கலர் தெரியும், அவனைக் கூட்டிக்கொண்டு போ என்றார்கள். டி.வி. வாங்கப் போக எவனாவது பயப்படுவானா? நான் பயந்தேன்.

மதினி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு அஞ்சு ஏக்கர் ஏலத்தோட்டம். வாரத்தில் நாலு நாள் அண்ணன் அங்கேதான் கிடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாரும் வராத நாள், காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் நெஞ்சு அடைத்து விழுந்திருக்கிறார். எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் வந்து இறங்கிய ஆட்கள்தான் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்கில் அவர் மதினிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. தோட்டத்தில் டவர் கிடைக்கிற ஒரே இடம் பலா மரத்துப் பக்கம். அங்கே நின்று, போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசியிருந்தார். இந்தா பாரு, சரம் எப்படி எறங்கியிருக்குன்னு என்று செடித் தூரில் காய் பிடித்த சரத்தைக் காட்டுவார். மழையே இல்லை என்பார். சாப்பிட்டாச்சு என்பார். போனை அணைக்கப் போகும்போது, "பயப்படாத, தனியா இல்ல. ராத்திரி தொணைக்கு ஆள் இருக்கு" என்பார். அதோடு படம் நின்றுவிடும்.

அந்த ஆள் நான்தான்.

அன்றைக்கு மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போன சோலி அப்படி. அந்த வருஷம் மழை தவறிக் காய் வெளுத்துக் கிடந்தது. வெளுத்த காய்க்குக் கொஞ்சம் பச்சைச் சாயம் ஏற்றித் தள்ளிவிடலாம், ஊருக்குள் செய்தால் நாலு பேர் கண்ணில் படும், மேலே ஸ்டோரிலேயே முடித்துவிடலாம் என்று அண்ணனிடம் கேட்கப் போனேன். தப்புத்தான். செய்கிறவன் எல்லாம் செய்கிறானே என்ற திமிர். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். "சாப்பிடுற பொருள்டா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டு, வாயு பிடித்த மாதிரி இருக்கிறது, இன்றைக்கு இருந்துவிட்டுப் போ, காலையில் சேர்ந்து இறங்குவோம் என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதில் சொல்லாமல் பலா மரத்தடியில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுவான் என்று நினைத்திருப்பார். என்னைக் கண்டுகொள்ளாமல், எப்போதும்போல மதினிக்கு வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அவர் தோளுக்குப் பின்னால், அந்த அடர்ந்த நிழலுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் முடித்ததும், ஒங்க தோட்டத்துல எனக்கென்ன சோலி என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தேன். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் தகவல் வந்ததும் மதினி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை கலைந்து, செருப்புக்கூட இல்லாமல். நேத்து நீங்க மேல போனீங்களா தம்பி என்று கேட்டார். வாய் முந்திக்கொண்டு, இல்லை என்றது. ஒரே ஒரு சொல். முதலில் பிணத்தை இறக்குவோம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்படியே பதினோரு மாதம் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்றைக்குத்தான் சொந்தக்காரர்கள் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். துணைக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாரே, யார் அந்த ஆள்? வேலையாட்களை விசாரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரச் சேட்டனை விசாரித்தார்கள். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு பெரியப்பா போனை வாங்கிக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, மரத்தடியில் என்னமோ நிற்கிற மாதிரி இருக்கே என்றார். அவ்வளவுதான். பலா மரத்தில் முனி இருக்கிறது, அதுதான் துணைக்கு இருக்கிறேன் என்று பேச்சுக் கொடுத்து ஆளை எடுத்துக்கொண்டது என்று முடிவாகிவிட்டது. காய் எடுக்க வரும் பெண்கள் அந்த மரத்துப் பக்கம் இனிமேல் கால் வைக்க மாட்டோம் என்றார்கள்.

சிலமலையிலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தோம். மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, சேவல் அறுத்துப் பூசை போட்டார். இன்னாரை எடுத்தது போதும், இனி இந்தக் குடும்பத்துப் பக்கம் வராதே என்று அந்த நிழலைப் பார்த்து உரக்கச் சொன்னார். உயிரோடு இருக்கிற எனக்கு, என் கண் முன்னாலேயே சேவல் அறுத்தார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். கறிச்சோறு போட்டார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். என்ன ஜென்மம் நான் என்று தோன்றியது. ஆனாலும் சாப்பிட்டேன்.

அதற்கு ரெண்டு மாதம் கழித்து ஒருநாள் லோடு ஏற்ற மேலே போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. அங்கே மூடுபனிக்கு மஞ்சு என்றுதான் பெயர். ஜீப் டிரைவரைக் கூப்பிட டவர் வேண்டும். வேறு வழியில்லாமல் பலா மரத்தடிக்குப் போய் நின்று போனை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சரிவில் கூடையோடு வந்த ரெண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கையை ஆட்டினேன். கூடையைப் போட்டுவிட்டு, செடிக்குள் விழுந்து எழுந்து ஓடினார்கள். நான்தான், நான்தான் என்று கத்தினேன். அந்த மஞ்சுக்குள் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. ஸ்டோருக்குத் திரும்பி வந்தபோது, முனியைப் பார்த்தோம், கையைக் காட்டிக் கூப்பிட்டது என்று என்னிடமே சொன்னார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். முகம் இல்லை என்றார்கள். நான் குடிக்க எடுத்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

என் வீடும் அண்ணன் வீடும் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மதினி அந்த வீடியோவைப் போடுவார். நான் வீட்டில் இருக்கிற நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் பேசுவது கேட்கும். வார்த்தை தெளிவாக இருக்காது, ஏற்ற இறக்கம் மட்டும்தான். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. சரம் எறங்கியிருக்கு, மழை இல்ல, சாப்பிட்டாச்சு. அதற்குமேல் வரப்போவதைக் கேட்க முடியாமல் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் மதினி டி.வி. வேண்டும் என்றார். வருஷத் திதி வருகிறது, போனில் அவர் முகம் நகம் அளவுதான் தெரிகிறது, பெரிதாக, நல்லதாகப் பார்க்கவேண்டும் என்றார். பென்ஷன் மாதிரி அவருக்குத் தோட்டத்து வருமானம் வருகிறது, என்னிடம் காசு கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நானும் நம்பப் பார்த்தேன். ஆனால் பெரியப்பா சொன்ன அந்த 'என்னமோ'வை அவர் மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். திரை பெரிதாக ஆக, நிழலுக்குள் நிற்பவனும் பெரிதாவான். ஆக, மட்டமான டி.வி. ஒன்றை மதினி தலையில் கட்டவேண்டும். அதுதான் என் திட்டம். நல்ல சரக்கைத் தேடிக் கொடுத்துப் பேர் வாங்கியவன் நான்.

தேனி ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டி.வி. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில் தலையைத் திருப்பியது. விற்பனைக்கு நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. அவசரப்படாமல் எல்லாவற்றையும் விளக்கினார். ஐம்பத்தைந்து அங்குலத்தில் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒன்று இருந்தது. அதே அளவில் ஒன்றேகால் லட்சத்துக்கு ஒன்று இருந்தது. என்ன வித்தியாசம் என்று மதினி கேட்டார். விலை குறைந்ததில் திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் கறுப்பு என்பது சாம்பல் மாதிரிதான் வரும், எல்லா நிழலும் ஒன்றாக அப்பிக்கொள்ளும் என்றார். விலை கூடியதில் ஒவ்வொரு புள்ளியும் தானாக எரியும், தானாக அணையும்.

"கறுப்புன்னா கறுப்புக்கா. இருட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டும்" என்றார்.

நான் இடையில் புகுந்தேன். வீட்டில் கேபிள்தான் வருகிறது, கேபிள் படத்தை இவ்வளவு நல்ல திரையில் போட்டால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்றேன். மதினி வீட்டுக் கூடத்தில் மேற்கே பார்த்த ஜன்னல், சாயங்கால வெயில் நேரே திரையில் அடிக்கும் என்றேன். நம்ம ஊர்க் கரண்டு ஏறி இறங்குவதற்கு ஒன்றேகால் லட்சத்தை எவன் மாட்டுவான் என்றேன். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும் என்றேன். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கடைக்காரரே ஆமாம் என்று தலையை ஆட்டினார். என்னைக் காட்டி, இந்த அண்ணன் விவரமானவரா இருக்காரு என்று மதினியிடம் பாராட்டி வேறு வைத்தார்.

மதினி தன் போனை நீட்டி, இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுப்பா என்றார்.

கடைக்காரர் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, எதை எதோடு இணைத்திருந்தார்களோ, சுவரில் இருந்த கிளிகள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. அடுத்த நொடி அத்தனை டி.வி.யிலும் என் அண்ணன் வந்து நின்றார். பதினாலு அண்ணன்கள். நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்றில் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒன்றில் மஞ்சள் பூசின மாதிரி. ஓரத்தில் இருந்த சின்ன டி.வி. ஒன்றில் வெளிறிப்போய், ஸ்டோர் வாசலில் நான் பார்த்த அதே நிறத்தில் இருந்தார். பதினாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, இந்தா பாரு என்றார்கள். சில டி.வி.யில் குரல் ஒரு நூல் பின்தங்கி வந்தது. அவர் சொல்லி முடித்த பிறகும் கடையின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு அண்ணன் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடையில் பிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. உயிரோடு இருக்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது போலிருந்தது.

துணைக்கு ஆள் இருக்கு என்று பதினாலு பேரும் சொன்னார்கள்.

ஆனால் மரத்தடியில் எதுவும் தெரியவில்லை. ஒன்றேகால் லட்சத்திலும் தெரியவில்லை. நிழல் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம் கட்டமாக உடைந்து துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. பார்த்தீங்களா மதினி, ரெண்டும் ஒண்ணுதான், அந்த முப்பத்தெட்டையே எடுத்துருவோம் என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இது வாட்ஸ்அப்பில் வந்த படமா என்று கேட்டார். அப்படி வந்தால் நசுங்கிப்போய்த்தான் வரும், எடுத்த போன் வீட்டில் இருந்தால் அதை எடுத்து வாருங்கள், அப்போதுதான் டி.வி.யின் தரம் தெரியும் என்றார். அவர் தொழிலுக்கு நியாயமாக இருந்தார். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டினேன்.

அண்ணனின் போன் பீரோவில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பதினோரு மாதம் யாரும் தொடவில்லை. மதினி அதை என் முன்னால்தான் சார்ஜில் போட்டார். பத்து நிமிஷம் செத்தது மாதிரி கிடந்தது. பிறகு திரை வெளுத்து, அண்ணன் வைத்திருந்த பாட்டு ஒரு வரி ஒலித்து, நேரமும் தேதியும் தப்புத் தப்பாக வந்தன. மதினிக்குப் பூட்டைத் திறக்கத் தெரியும். விரலால் கோடு போட்டார், திறந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரெண்டு பேர்தான் இருந்தோம். தண்ணீர் கொடுங்க மதினி என்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திரும்பவும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இந்த முறை சுவர் முழுக்கப் போடவில்லை. முப்பத்தெட்டையும் ஒன்றேகால் லட்சத்தையும் உள்ளே ஒரு தடுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டுக்கும் அண்ணன் போனிலிருந்த அசல் படத்தைக் கொடுத்தார். விலை கூடியதில் இன்னொரு வசதி இருப்பதாகவும் சொன்னார். படம் எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே டி.வி.யே யோசித்து நிரப்பிக்கொள்ளுமாம். இல்லாததைக்கூடவா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் அப்படித்தான்ணே என்றார். அந்தப் பேச்சை நான் இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

படம் ஓட ஆரம்பித்தது. அண்ணன் முகத்தில் நரைத்த மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் திரும்பும்போது அந்தத் திருப்பம் வழுக்கிக்கொண்டு வந்தது. படம் மாதிரியே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. மதினி என்னை மறந்து ஒரு அடி முன்னால் போனார். அண்ணன் தோளுக்குப் பின்னால் பலா மரம் வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளத்த அந்தத் திரையில், நிழல் இருந்த இடத்தில் கடையின் டியூப்லைட் நாலும், அதற்குக் கீழே என் தலையும் மதினி தலையும் பிரதிபலித்தன. மதினி கண்ணை இடுக்கினார். ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து மறைத்துப் பார்த்தார். இன்னொரு தரம் போடுப்பா என்றார்.

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு தொழில்காரன் எவனும் செய்திருக்க மாட்டான்.

காய் தொழிலில் வெளிச்சம்தான் சத்துரு. வெளுத்த காயைத் தள்ளிவிட நினைப்பவன் குடோன் கதவைப் பாதி சாத்தி, உள்ளே ஒரு மங்கிய பல்பை மட்டும் போட்டு வைப்பான். அந்த மங்கலில் மஞ்சளடித்த காயும் பச்சையாகத்தான் தெரியும். அதனால்தான் வாங்குகிறவன் எவனாக இருந்தாலும் தட்டில் ஒரு கை அள்ளிக்கொண்டு முதலில் வாசலுக்கு வருவான். முப்பது வருஷம் நானே அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன். மறைக்கவேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறை என்பது என் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. யோசிக்கவே இல்லை. வீட்டுல இவ்வளவு வெளிச்சமாப்பா இருக்கும், லைட்ட எல்லாம் அமத்துங்க, அப்பத்தான் நெசம் தெரியும் என்று நானே சொன்னேன். நானே எழுந்துபோய்த் தடுப்பறைத் திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன்.

விளக்குகள் அணைந்தன. திரையிலிருந்த டியூப்லைட்டுகளும் எங்கள் தலைகளும் மறைந்தன. படம் மறுபடி ஓடி அந்த இடத்துக்கு வந்தது. முப்பத்தெட்டில் மரத்தடி சாம்பலும் கறுப்பும் குழம்பின ஒரு அப்பலாக இருந்தது. ஒன்றேகால் லட்சத்தில் அந்த இருட்டு மெதுவாகத் திறந்தது. முதலில் பலா மரத்தின் அடித்தூர் வந்தது. அதில் ஏறிக்கிடந்த மிளகுக்கொடி இலை இலையாக வந்தது. அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான்.

மதினி, நிறுத்துப்பா என்றார். படம் நின்றது.

என்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. கோபமாக நின்றதாகத்தான் ஞாபகம். திரையில் நின்றவன் கோபமாக இல்லை. அண்ணன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனின் இடது கை நெஞ்சில் இருந்தது. முகத்துக்கு நேரே பிடித்த போனில் அது தெரியாது, அவர் உடம்பைத் திருப்பின அந்த ஒரு நொடியில்தான் முழங்கை மடங்கியிருப்பது தெரிந்தது. பின்னால் நின்றவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறான்.

"டி.வி. தானா எதையோ போட்டுக்கிட்டதா இருக்கும் மதினி. இல்லாததையும் போடும்னு அவருதான் சொன்னாருல்ல" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது.

"சட்டையையுமா தம்பி போட்டுக்கிரும்?" என்றார் மதினி.

தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை. ஒரே துணியில் எனக்கும் அண்ணனுக்கும் எடுத்தது. அண்ணன் தன்னுடையதைத் தைக்கவே இல்லை. அது துணியாகவே பீரோவில் இருந்தது.

கடைக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வெளியே போய்விட்டார். அறையில் திரையின் வெளிச்சம் மட்டும்தான். மதினி என் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை. அழுகையும் இல்லை. ஆசைதான் இருந்தது. சின்னப் பிள்ளைகள் பலகாரப் பொட்டலத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அப்ப அவரு தனியாச் சாகல, இல்ல தம்பி? நீங்க கூட இருந்தீங்கள்ல?"

பதினோரு மாதமாக அவர் முனியைத் தேடவில்லை. யார் மேலும் பழி போடவும் தேடவில்லை. அந்த ஸ்டோர் வாசலில் அண்ணன் கடைசியாகத் தண்ணீர் கேட்டிருந்தால், கொடுக்க ஒரு கை இருந்ததா என்று தேடியிருக்கிறார். ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கியிருப்பார். ஆனால் கூட இருந்தவன் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று மறுநாள் கேட்பார். அதற்குப் பயந்துகொண்டு உண்மையைச் சொன்னேனா, இல்லை முதல் தடவையாக மனுஷனாக நடந்துகொள்ளவேண்டும் என்று சொன்னேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"எறங்கிட்டேன் மதினி. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, இன்னைக்கு இருடான்னாரு. கோவத்துல, வீடியோ முடிஞ்ச ஒடனே எறங்கிட்டேன். நான் இருப்பேன்னு நெனச்சுத்தான் ஒங்ககிட்ட ஆள் இருக்குன்னு சொன்னாரு."

சாயத்தைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த முகத்திலிருந்த ஆசை போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதைப் பார்த்ததுதான் என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே மோசம். பக்கத்துத் திரையில் நான் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தேன்.

மதினி வெகுநேரம் அந்த ரெண்டு டி.வி.யையும் பார்த்தார். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் மேஜைக்கு முன்னால் போய் நின்று, விலை குறைந்ததைக் கை காட்டினார்.

"அந்த முப்பத்தெட்டுக்கே பில்லு போடுப்பா. அதுல அவரு மட்டுந்தான் தெரியிறாரு."